எழுந்தால் வலி, படுத்தால் ஆறுதல்: தண்டுவட நீர்க் கசிவை அறிவோம்

தலைவலி எல்லோருக்கும் பழக்கமானதே. ஆயினும், எழுந்து நின்றால் கடுமையாகி, படுத்தால் தணியும் தலைவலியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் காரணம் முதுகில் இருக்கக்கூடும்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் தெளிந்த நீர் உள்ளது. நாள்தோறும் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்க, பழைய நீர் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இந்நீரில்தான் மூளை மிதக்கிறது. நீரைக் காக்கும் வெளியுறைக்கு டியூரா என்று பெயர். அதில் திறப்பு ஏற்பட்டு நீர் கசிந்தால், நிற்கும்போது மூளை சற்றே கீழிறங்கி, வலியை உணரும் உறைகள் இழுபடுகின்றன. கழுத்துவலி, குமட்டல், காதிரைச்சல் ஆகியனவும் உடன் தோன்றலாம்.

அடிபடாமலும் ஊசி குத்தப்படாமலும் இக்கசிவு எவ்வாறு நேர்கிறது? முதன்மையான காரணங்கள் மூன்று. முதுகெலும்பு வட்டில் சுண்ணாம்பு படிந்து உருவாகும் கூர்முனை உறையைக் கிழிக்கலாம். நரம்பு வேர்கள் வெளியேறும் இடத்தில் உறை மெலிந்து, பைபோல் புடைத்துக் கசியலாம். உறையிலிருந்து அருகிலுள்ள சிரைக்குள் நீர் நேரே வடியும் பாதை உண்டாகலாம். இம்மூன்றாவது வகை 2014ஆம் ஆண்டில்தான் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. மார்ஃபான், ஏலர்ஸ்-டான்லோஸ் போன்ற பிறவி இணைப்புத்திசுக் குறைபாடு உடையோரிடம் உறை இயல்பாகவே வலுக்குன்றியிருக்கலாம்.

மூளையின் எம்.ஆர்.ஐ. படம் நோயைக் கண்டறியப் பெரிதும் உதவும். எனினும், படம் இயல்பாக இருப்பதாலேயே கசிவு இல்லை என்று முடிவு செய்ய இயலாது. கசியும் இடத்தை மைலோகிராம் பரிசோதனை காட்டும்.

சிலருக்கு ஓய்விலேயே குணமாகிறது. ஆகாதபோது, நோயாளியின் சொந்த இரத்தத்தையே உறைக்கு வெளியே செலுத்திக் கசிவை அடைக்க முயல்வர்; இதற்கு ‘பிளட் பேட்ச்’ என்று பெயர். சிலருக்கு இதை மீண்டும் செய்ய நேரிடும். பலனில்லையெனில், கிழிசலை அறுவை சிகிச்சையால் தைக்கவும், சிரைப் பாதையைக் குழாய்வழி அடைக்கவும் இயலும்.

நாட்பட்ட கசிவில் நிற்பதற்கும் வலிக்கும் உள்ள தொடர்பு மங்கிவிடக்கூடும். ஆகவே, வலி தொடங்கிய நாள்களில் எப்படி இருந்தது, படுத்த எத்தனை நிமிடங்களில் தணிந்தது என்பதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறுங்கள். மிகுந்த தூக்கக்கலக்கம், குழப்பம், கை கால் தளர்ச்சி, திடீரென மாறும் வலி ஆகியவை மூளையைச் சுற்றி இரத்தம் கட்டியதன் அறிகுறிகளாக இருக்கலாம்; அப்போது தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

வெளியே தெரியாத இந்நோயால் பகலெல்லாம் படுத்திருப்பவரைச் சோம்பல் என்று வீட்டார் கருதலாகாது. அவர் கிடப்பது வலியைத் தாங்க இயலாமையால். சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் பலர் எழுந்து நடமாடுகின்றனர்.