தோல்வி கற்பித்த பாடம்

வென்றவரின் கதையைக் கேட்கப் பலர் கூடுவர். தோற்றவரின் கதைக்குச் செவிசாய்ப்போர் சிலரே. ஆயினும், ஒரு குழு தன் குறையை அறிந்துகொள்வது பெரும்பாலும் தோற்ற நாள்களிலேயே ஆகும். பொரளையில் அமைந்துள்ள சரவணமுத்து விளையாட்டரங்கு இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று.

1899ஆம் ஆண்டிலே தோன்றிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் இது. ஓவல் என வழங்கிவந்த இம்மைதானம், இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவராக விளங்கிய பாக்கியசோதி சரவணமுத்து அவர்களின் பெயரைப் பின்னர் பெற்றது. 1981 ஜூலை மாதம் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி வழங்கப்பட்டது. 1982 பெப்ரவரி 17ஆம் திகதி, பந்துல வர்ணபுரவின் தலைமையில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராக இங்கேதான் ஆடியது.

தொடக்கம் தளர்ந்தது, 34 ஓட்டங்களுக்குள் நான்கு விக்கெட்டுகள் வீழ்ந்தன. அந்நிலையில் ரஞ்சன் மடுகல்லவும், பதினெட்டு வயது மாணவர் அர்ஜுன ரணதுங்கவும் இணைந்து 99 ஓட்டங்கள் சேர்த்தனர். இலங்கை 218 ஓட்டங்களும் இங்கிலாந்து 223 ஓட்டங்களும் எடுத்தன. ஐந்தே ஓட்டங்கள்தான் வேறுபாடு! இரண்டாவது இனிங்சில் ரோய் டயஸ் 77 ஓட்டங்களை அழகுற ஆடிக் குவித்தார். மூன்று விக்கெட்டுகள் மட்டுமே இழந்து 167 ஓட்டங்கள் என்னும் வலுவான நிலையில் இலங்கை நின்றது.

அதன்பின் எஞ்சிய ஏழு விக்கெட்டுகளும் எட்டு ஓட்டங்களுக்குள் சரிந்தன. ஜோன் எம்புரி 33 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். இலங்கை 175 ஓட்டங்களுடன் அடங்க, இங்கிலாந்து ஏழு விக்கெட்டுகளால் வென்றது.

திறமைக் குறைவா இத்தோல்விக்குக் காரணம்? அன்று. மூன்று நாள்கள் உலகத் தரமான குழுவுக்கு இணையாக ஆடியவர்களிடம் திறமை இல்லை என எவரும் கூறார். ஐந்து நாள் ஆட்டத்தின் பழக்கமே இல்லாதிருந்தது. முற்காலத்தில் கப்பல் வழிப்பயணத்தின் இடையே கொழும்பில் இறங்கிய வெளிநாட்டுக் குழுக்களுடன் நம்மவர் ஒரு நாள் ஆடுவர். உள்நாட்டுக் கழகங்களின் ஆட்டங்களோ வார இறுதியுடன் முடிந்துவிடும். நாள்கணக்கில் மனத்தை ஒருநிலைப்படுத்தும் பயிற்சியை வேறெங்கே பெறுவது?

அடுத்து வந்த பாகிஸ்தான் பயணத்திலும் இதே கதைதான். கராச்சியில் 204 ஓட்டங்களால் தோல்வி. பைசலாபாத்தில் சிதத் வெத்தமுனி 157 ஓட்டங்கள் பெற்று, இலங்கையின் முதலாவது டெஸ்ட் சதத்தை நிலைநாட்டினார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஆட்டம் முடிவின்றி நின்றது. லாகூரிலோ இம்ரான் கான் பதினான்கு விக்கெட்டுகளை வீழ்த்த, ஓர் இனிங்சாலும் 102 ஓட்டங்களாலும் இலங்கை தோற்றது.

ஆண்டு முடியுமுன் மற்றோர் இழப்பும் நேர்ந்தது. நிறவொதுக்கல் காரணமாக உலக அரங்கிலிருந்து விலக்கப்பட்டிருந்த தென்னாபிரிக்காவுக்கு வர்ணபுரவின் தலைமையில் ஒரு குழு சென்றது. சென்றவர்களுக்கு இருபத்தைந்து ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அனுபவம் பெறத் தொடங்கியிருந்த வீரர் சிலரை அக்குழு இவ்வாறு இழந்தது.

பின்வந்த தோல்விகளையும் சேர்த்து, முதல் பதின்மூன்று டெஸ்டுகளில் எட்டில் தோல்வி. ஐந்து வெற்றி தோல்வியின்றி முடிந்தன. எனினும் அத்தோல்விகளுக்கிடையே பாடம் ஒன்று படிப்படியாகக் கைவந்தது. 1982 செப்டெம்பரில் சென்னையில் துலீப் மென்டிஸ் இரண்டு இனிங்சிலும் சதம் பெற்றார். 1984இல் லோர்ட்ஸ் மைதானத்தில் இலங்கை இங்கிலாந்துக்குப் பணியாமல் ஆடியது.

1985 செப்டெம்பர் 11ஆம் திகதி, மென்டிஸின் தலைமையில், இதே பொரளை மைதானத்தில் இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்று இலங்கை தன் முதலாவது டெஸ்ட் வெற்றியை ஈட்டியது. அமல் சில்வா சதமடித்தார். ருமேஷ் ரத்நாயக்க ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார். அரசாங்கம் பொது விடுமுறை அறிவித்து அவ்வெற்றியைக் கொண்டாடியது. முதல் டெஸ்டில் தோற்ற ரோய் டயஸ், மடுகல்ல, ரணதுங்க ஆகியோரும் அன்று வென்ற குழுவில் இருந்தனர். எட்டு ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்டுகள் சரிந்ததைக் கண்ட அதே மண்ணில் நின்றுதான் அவர்கள் வெற்றியை வரவேற்றனர்.