ஓர் ஆய்வைத் தேடும் வழி

நான்கு வயதுக் குழந்தையின் முன் ஓர் இனிப்பு வைக்கப்படுகிறது. அதை உடனே உண்டால் அந்த ஒன்று மட்டுமே கிடைக்கும். வெளியே சென்ற பெரியவர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த பாலர் பள்ளியில், உளவியலாளர் வால்டர் மிஷலும் அவருடைய குழுவினரும் 1960களின் பிற்பகுதியில் இச்சோதனையைத் தொடங்கினர். இது 'மார்ஷ்மெல்லோ சோதனை' என்று புகழ்பெற்றது. பொறுமையாகக் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்து விளங்கினர் என்ற செய்தி, காணொளிகள் வாயிலாகவும் தன்முன்னேற்ற நூல்கள் வாயிலாகவும் இன்றும் பரவி வருகிறது.

கல்லூரியில் உளவியல் பயிலும் மாணவர் ஒருவர் இதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடினால் நொடிப்பொழுதில் பல பக்கங்கள் கிடைக்கும். ஆயினும், அவற்றுள் பல, மூல ஆய்வைப் படிக்காமல் ஒன்றைப் பார்த்து மற்றொன்றாக எழுதப்பட்டவையாக இருக்கலாம். ஒரு செய்தி பலமுறை சொல்லப்படுவதாலேயே அது உண்மையாகிவிடாது. அது எந்த ஆய்விலிருந்து வந்தது, அதற்குப் பின் வந்த ஆய்வுகள் என்ன கூறுகின்றன என்று அறிய வேண்டும். அதற்குக் கல்லூரி நூலகம் துணைபுரிகிறது.

தேடலை நூலடுக்கிலிருந்து தொடங்குவது எளிது. நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தி எண்கள் இடுகின்றன. பல நூலகங்கள் பின்பற்றும் டியூயி பதின்மப் பகுப்புமுறையில் உளவியலுக்குரிய எண் 150 ஆகும். குழந்தை உளவியல் நூல்கள் 155.4 என்ற எண்ணின்கீழ் இருக்கும். அங்குள்ள ஓர் அறிமுக நூலைப் புரட்டினால், அத்துறையின் அடிப்படைக் கருத்துகளும் முக்கிய ஆய்வாளர்களின் பெயர்களும் தெரியவரும். இவற்றைவிடப் பயனுள்ள மற்றொன்றும் அங்குக் கிடைக்கும். அதுதான் கலைச்சொல். நாம் 'பொறுமை' என்று பொதுவாகக் குறிப்பிடுவதை, உளவியலாளர்கள் 'டிலே ஆஃப் கிராட்டிஃபிகேஷன்' என்று அழைக்கின்றனர். பின்னர்க் கிடைக்கவிருக்கும் பெரிய பயனுக்காக, இப்போதைய விருப்பத்தைத் தள்ளிப்போடுதல் என்பது அதன் பொருள்.

இந்தக் கலைச்சொல்லே அடுத்த கட்டத்திற்கான திறவுகோல். புதிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆய்விதழ்களில் கட்டுரைகளாக வெளிவருகின்றன. அவற்றைத் தேடுவதற்குத் தரவுத்தளங்கள் உள்ளன. அமெரிக்க உளவியல் சங்கம் நடத்தும் 'சைக்இன்ஃபோ' உளவியலுக்கென்றே உருவாக்கப்பட்ட தரவுத்தளமாகும். அதில் ஒவ்வோர் ஆய்வின் தலைப்பு, ஆசிரியர் பெயர், சுருக்கம் முதலியவை பதிவு செய்யப்பட்டுள்ளன. முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்வதைவிடக் கலைச்சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுவது நல்லது. இரு சொற்களுக்கிடையே 'அண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை இட்டால், இரண்டும் இடம்பெற்ற கட்டுரைகள் மட்டும் வரும். 'ஆர்' என்று இட்டால், இரண்டில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் போதும். முன்னது தேடலைச் சுருக்கும், பின்னது விரிக்கும்.

கட்டுரை கிடைத்தவுடன் முடிவுரையை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. யாரை ஆராய்ந்தனர், எத்தனை பேரை ஆராய்ந்தனர், எங்கு ஆராய்ந்தனர் என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். மிஷல் குழுவினர் அக்குழந்தைகளின் பிற்கால வளர்ச்சி குறித்து 1990ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். காத்திருந்த நேரத்திற்கும் கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்களுக்கும் தொடர்பு இருப்பதாக அது தெரிவித்தது. ஆனால், அந்த மதிப்பெண்கள் கிடைத்தவர்களின் எண்ணிக்கை நூறுக்கும் குறைவு. அனைவரும் ஒரே பல்கலைக்கழக வளாகப் பாலர் பள்ளியில் பயின்றவர்கள். இவ்விவரங்கள் காணொளிகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

ஓர் ஆய்விலிருந்து இரு திசைகளில் பயணம் செய்யலாம். கட்டுரையின் இறுதியில் உள்ள துணைநூற்பட்டியல், அதற்கு முன்பு வெளிவந்த ஆய்வுகளுக்கு இட்டுச் செல்லும். அக்கட்டுரையை மேற்கோள் காட்டிய பிற கட்டுரைகளின் பட்டியலோ பின்னர் வந்த ஆய்வுகளைக் காட்டும். இந்தப் பட்டியலைப் பல தரவுத்தளங்களிலும் 'கூகல் ஸ்காலர்' தளத்திலும் காணலாம். பலர் இந்த இரண்டாம் திசையை மறந்துவிடுகின்றனர்.

அத்திசையில் சென்றால் இரண்டு முக்கியமான ஆய்வுகள் கண்ணில் படும். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலஸ்ட் கிட்டும் அவருடைய குழுவினரும் 28 குழந்தைகளை இரு பிரிவுகளாகப் பிரித்தனர். சோதனைக்கு முன்பு, ஒரு பிரிவினருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினர். மற்றொரு பிரிவினருக்குக் காப்பாற்றவில்லை. முதல் பிரிவினர் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் சுமார் 3 நிமிடமே காத்திருந்தனர். ஆகவே, காத்திருத்தல் குழந்தையின் மன உறுதியை மட்டும் காட்டுவதன்று. பெரியவர்மீது அது கொண்ட நம்பிக்கையையும் காட்டுகிறது.

அடுத்து, 2018ஆம் ஆண்டில் டைலர் வாட்ஸ் உள்ளிட்ட மூவர் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்தனர். காத்திருத்தலுக்கும் பிற்காலக் கல்வித் தேர்ச்சிக்கும் இடையிலான தொடர்பு, முந்தைய ஆய்வில் கண்டதில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்தபோது அதுவும் பெருமளவு குறைந்தது.

சில கட்டுரைகளின் முழு வடிவம் உடனே கிடைக்காமல் போகலாம். அத்தகைய நேரத்தில் நூலகரை அணுக வேண்டும். பிற நூலகங்களிலிருந்து கட்டுரையைப் பெற்றுத் தரவும், ஏற்ற தேடுசொற்களைப் பரிந்துரைக்கவும் அவரால் முடியும். தமிழ்நாட்டின் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் ஐந்து நூலக விதிகளை வெளியிட்டார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. எனவே, நூலகரிடம் உதவி கேட்க மாணவர்கள் தயங்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர்களும் அதன் மின்வளங்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

ஆய்விதழ்களில் வெளியாகும் கட்டுரைகளை அத்துறை வல்லுநர்கள் முன்கூட்டியே மதிப்பிடுகின்றனர். அதனால் அவை நம்பகத்தன்மை மிக்கவை. எனினும், எந்த ஓர் ஆய்வும் இறுதி முடிவாகிவிடாது. முதலில் கிடைத்த செய்தியை மட்டும் நம்பும் பெற்றோரோ ஆசிரியரோ, அவசரமாக இனிப்பை உண்ட ஒரு குழந்தையைப் 'பொறுமையற்ற பிள்ளை' என்று முத்திரை குத்திவிடக்கூடும். அக்குழந்தையின் எதிர்காலத்தையும் அவர்கள் குறைத்து மதிப்பிடக்கூடும். மனிதர்களைப் பற்றிய ஆய்வு, மனிதர்களைப் பற்றிய தீர்ப்பாக மாறும் ஆற்றல் உடையது. ஆகவே, உளவியல் பயில்வோர் ஒரு முடிவைக் கண்டதும், 'இதற்குப் பின் என்ன கண்டறியப்பட்டது?' என்று மேலும் ஒருமுறை தேடிப் பார்ப்பது அவசியமாகும்.