குந்தி உட்கார மறந்த கணுக்கால்

படி ஏறும்போது மூச்சு வாங்கும். கணுக்காலுக்குச் சோதனை இறங்கும்போதுதான். பெங்களூரின் வைட்ஃபீல்ட் மெட்ரோ நிலையத்தில் மாலை நேரம் படிக்கட்டின் ஓரமாக நின்று, இறங்குகிறவர்களின் பாதங்களை மட்டும் கவனியுங்கள். கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் மடிக்கணினிப் பையுமாக வரும் நாற்பது வயதுக்காரர்களில் சிலர் உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, கைப்பிடியைப் பற்றியபடி இறங்குவார்கள். கேட்டால் முட்டி வலி என்பார்கள். முட்டியைக் குறை சொல்லுமுன் ஒரு முழம் கீழே பார்க்க வேண்டும்.

ஒரு கால் கீழ்ப்படியைத் தொடும்வரை மேற்படியில் இருக்கும் கால்தான் முழு உடம்பையும் மெல்ல இறக்குகிறது. பாதம் படியில் பதிந்திருக்க, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு பாதத்தின் மேலாக முன்பக்கம் சாய வேண்டும். சமதரையில் நடக்க இந்தச் சாய்வு சுமார் 10 டிகிரி போதும். படி இறங்க அதைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ வேண்டும். குதிகால் எழும்பாமல் குந்தி உட்கார 30 டிகிரியையும் தாண்ட வேண்டும். இந்தச் சாய்வு கிடைக்காவிட்டால் உடம்பு வேறு வழி தேடிக்கொள்ளும். குதிகால் சீக்கிரமே எழும்பும், உள்ளங்கால் வளைவு உட்பக்கம் சரியும், முட்டியும் அதோடு சேர்ந்து உள்ளே போகும். வருஷக்கணக்கில் இப்படியே நடந்தால் முட்டியிலோ குதிகாலின் அடியிலோ வலி கிளம்பலாம். இறுகிப்போன கணுக்கால் மட்டும் வலிக்காமலே இருக்கும். அதனால்தான் அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

இந்த இறுக்கத்தை நாம் வயதின் தலையில் கட்டிவிடுகிறோம். வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால் நாற்காலிக்கு உள்ள பங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைட்ஃபீல்ட் 1882இல் ஆங்கிலோ இந்தியர்களின் விவசாயக் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர். இன்று அங்கே கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை நடக்கிறது. அடுத்த மனையில் எழும் கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்கள் குந்திய நிலையிலேயே மணிக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அவர்கள் எழுப்பும் தளத்துக்கும் நாளை நாற்காலிகள் வந்துவிடும்.

குந்தி உட்காரும் பழக்கம் எலும்பிலேயே தடம் பதிப்பது. லாகூரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹேவ்லாக் சார்லஸ், பஞ்சாபிகளின் கால் எலும்புகளை ஆராய்ந்து 1893இல் எழுதினார். கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பும் கணுக்கால் எலும்பும் உரசும் இடத்தில் வழவழப்பான சிறு பரப்புகள் இருப்பதை அவர் குந்தும் பழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தார். இந்தியர்களின் எலும்புகளில் காணும் இதே தடங்களைப் பற்றி 1959இலும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

கணுக்கால் நம் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் அதைச் செயற்கையாகச் செய்ய முனைந்தவர்கள்தான். 1960களில் வழக்கத்தில் இருந்த மேலைநாட்டுச் செயற்கைப் பாதத்துக்குக் கணுக்காலில் அசைவு கிடையாது. ஷூவுக்குள் மாட்டி, நாற்காலியில் உட்காருகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது அது. வெறுங்காலோடு வயலில் இறங்கவும் தரையில் அமர்ந்து சாப்பிடவும் வேண்டிய மனிதருக்கு அதனால் என்ன பயன்? அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ரப்பரால் வளையும் பாதத்தை உருவாக்கினார்கள். அதை மாட்டிக்கொண்டு குந்தவும் முடிந்தது. தமிழ்நாட்டில் 1981இல் நடந்த சாலை விபத்துக்குப் பின் ஒரு காலை இழந்த சுதா சந்திரன், 1984இல் அந்த ஜெய்ப்பூர் காலோடுதான் மறுபடி பரதநாட்டிய மேடை ஏறினார்.

சர்க்கரை நோயாளிகள் கணுக்கால் இறுக்கம் குறித்துக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு 2023இல் சொன்னது. ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, தசைநாணிலும் மூட்டுறையிலும் உள்ள கொலாஜனோடு ஒட்டி அவற்றை விறைக்க வைக்கிறது. கணுக்கால் மடங்காதபோது நடையில் முன்பாதத்தின் மேல் விழும் அழுத்தம் கூடுகிறது. கால் மரத்துப்போனவர்களுக்கு அந்த அழுத்தம் தெரிவதில்லை. புண் வந்த பிறகே தெரியும்.

உங்கள் கணுக்காலை வீட்டுச் சுவரிலேயே சோதிக்கலாம். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிறவரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள். பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே 10 செ.மீ. அளவு கிடைத்தால் போதும் என்பது பிசியோதெரபியில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அதைவிட முக்கியம், இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம். என்றோ சுளுக்கி, வலி நின்றதும் மறந்துவிட்ட காலை இது காட்டிக்கொடுக்கும். பின்னால் கெண்டைக்கால் இழுத்தால் தசை இறுக்கம். நீட்ட நீட்ட இளகும். மூட்டின் முன்பக்கம் நெரிப்பதுபோல் வலித்தால் நீங்களாக அழுத்திப் பார்க்காமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.

அந்தச் சோதனையே பயிற்சியும்கூட. காலுக்குப் பத்துப் பதினைந்து தடவை முட்டியைச் சுவர்ப்பக்கம் நிதானமாகக் கொண்டுபோய் வாருங்கள். கெண்டைக்காலில் இரண்டு தசைகள் இருப்பதால், முட்டியை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை என்று இரண்டு விதமாகவும் நீட்ட வேண்டும். சில வாரங்கள் பிடிக்கும். நடுவில் விட்டால் பழையபடி இறுகும். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக் குந்திப் பார்க்கலாம். முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் குந்த வேண்டியதில்லை. வலி வராத அளவுக்குச் சுவர்ப் பயிற்சி மட்டும் செய்தால் போதும்.