ஒரு பக்கம் தேய்ந்த டயரும் ஒத்திப்போட்ட செலவும்



மொத்தக் கடையில் சரக்கு எடுக்கவும், வாடிக்கையாளர் வீட்டுக்கு மாதச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கவும் இருசக்கர வண்டி இல்லாமல் இன்று மளிகை வியாபாரம் இல்லை. அரிசி மூட்டை, எண்ணெய் டின், சர்க்கரைச் சிப்பம் எல்லாம் அதில்தான் ஏறுகின்றன. தராசில் சிறு வித்தியாசம் வந்தாலும் பதறுகிற நாம், இத்தனை எடையையும் சுமக்கும் டயரை ஒரு நாளும் குனிந்து பார்ப்பதில்லை. பஞ்சர் ஆனால்தான் டயர் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது.

நாமும் அப்படித்தான் இருந்தோம். 2019ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, “அண்ணாச்சி, பின் டயர் ஒரு பக்கம் மொட்டையாயிருச்சு, நூல் தெரியுது” என்று கடைப்பையன் சொன்னான். “தீபாவளி வியாபாரம் முடியட்டும் தம்பி, பார்த்துக்கலாம்” என்றோம். இன்னொரு முறையும் சொன்னான். அதே பதிலைத்தான் சொன்னோம். அடுத்த வாரம் மழை. மதுரை கீழமாசி வீதியிலிருந்து இரண்டு எண்ணெய் டின்களோடு போனவன், ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் வழுக்கி விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டி உட்கார்ந்திருந்தான்.

புது டயருக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரிச் செலவு அதைப் போல் பல மடங்கு. அதையாவது கணக்கில் எழுதிவிடலாம். அவன் தாயார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நம்மைப் பார்த்து ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. வேறு யாருக்கும் இது நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

வண்டியைப் பழுது பார்க்க விட்டபோது மெக்கானிக் ஒரு விஷயம் சொன்னார். “டயரை மட்டும் மாத்தினா பத்தாது அண்ணாச்சி. சக்கரம் கோணலா நிக்குது. இப்படியே புது டயரைப் போட்டா அதையும் ஒரு பக்கமாத் தின்னுடும்.” தராசுத் தட்டு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் கோளாறு தராசில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். டயரும் அப்படியே. எங்கே தேய்கிறது என்று பார்த்தால், வண்டியில் எங்கே கோளாறு என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

தேய்மானம் சொல்லும் சேதி

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் காற்று அதிகம். நேர்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்கும் நடுவே சற்றுக் கூடுதலாகத் தேயும், அது இயற்கை. மாறாக, இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுவில் பட்டன் மிச்சம் இருந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் அதிகம். நம் வண்டிகளில் இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நசுங்கி நிமிர்வதால் சூடேறி, பக்கச் சுவர் சீக்கிரம் வெடிப்பு விடும். டியூப் உள்ள சக்கரத்தில் வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால், காற்று குறைந்து டயர் ரிம்மின் மேல் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் வால்வு அடியோடு பிய்ந்து ஒரே நொடியில் காற்று இறங்கிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்வதற்குக் காரணங்கள் பல. செயினை இறுக்கும்போது பின் ஆக்சிலின் இரு பக்கமும் உள்ள அட்ஜஸ்டர்களில் கோடுகள் இருக்கும். இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நின்றால் சக்கரம் கோணலாகிவிடும். நம் வண்டியில் நடந்தது இதுதான். ரிம் கோட்டம், ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்வு, பாரத்தை எப்போதும் ஒரே பக்கம் தொங்கவிடும் பழக்கம் ஆகியவையும் காரணமாகலாம்.

வலது பக்கம் சிறிதளவு கூடுதலாகத் தேய்ந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். தண்ணீர் வடிய நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். இடது ஓரமாக நேராகப் போகும் வண்டியின் டயர், மேடான வலது பக்கத்தில்தான் சற்று அதிகமாக அழுந்துகிறது. இடது திருப்பத்தைவிட வலது திருப்பத்தில் நாம் சுற்றும் தூரமும் அதிகம். ஆனால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.

முன் டயரில் கையை வைத்துத் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதா? காற்றுக் குறைவு, ஃபோர்க்கின் தளர்ச்சி, வீல் பேரிங் ஆட்டம், கோன் செட் தளர்வு ஆகியவற்றில் ஒன்று இருக்கலாம். பின் டயரில் ஓரிடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால், யாரோ பின் பிரேக்கை ஓங்கி மிதித்துச் சக்கரத்தை இழுத்திருக்கிறார்கள்.

எப்போது மாற்றுவது?

பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் அழகுக்காக அல்ல. மழைத் தண்ணீரை வெளியே தள்ளி ரப்பரைச் சாலையோடு ஒட்ட வைப்பவை அவைதான். காய்ந்த சாலையில் மொட்டை டயர் ஓடிவிடும். அதை நம்பித்தான் நாம் ஏமாறுகிறோம். முதல் மழையில் குட்டு வெளிப்படும்.

டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் ஒரு சிறு மேடு தெரியும். இருசக்கர வண்டிக்கு அதன் உயரம் 0.8 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஓரிடத்தில் வந்தாலும் முடிந்ததுதான். “மறுபக்கம் நன்றாகத்தானே இருக்கிறது” என்று சமாதானம் சொல்லக்கூடாது. வழுக்குவது தேய்ந்த பக்கம்தான். மழைக்காலம் நெருங்கினால் அந்த மட்டம் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

நூல் தெரிந்தாலும், பக்கச் சுவரில் வீக்கமோ ஆழமான வெடிப்போ கண்டாலும் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டும். சூட்டுக் கத்தியால் பட்டன் வெட்டித் தருகிறேன் என்பாரிடம் கொடுக்க வேண்டாம். மிச்சமுள்ள ரப்பரும் மெலிந்து நூல் அறுந்துவிடும்.

டயருக்கு வயதும் உண்டு. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3223 என்றால் 2023ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் தயாரானது. சரக்கு வாங்கும்போது தேதி பார்க்கும் நாம் டயர் வாங்கும்போதும் இதைப் பார்த்து வாங்க வேண்டும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் காட்டிச் சோதிப்பதும், பத்து ஆண்டானால் தேயாவிட்டாலும் மாற்றுவதும் நல்லது.

பாரத்துக்கும் அளவு உண்டு. அளவுக்கு அடுத்தாற்போல் உள்ள எண், அந்த ஒரு டயர் தாங்கும் எடையின் குறியீடு. 41 என்றால் 145 கிலோ; 48 என்றால் 180 கிலோ. 50 கிலோ மூட்டை இரண்டும், 60 கிலோ ஆளுமாக ஏறினால், வண்டியின் எடை சேராமலே 160 கிலோ ஆகிறது. அதில் பெரும்பங்கு பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. வண்டி இழுக்கிறது என்பதற்காக டயரும் தாங்கும் என்று நினைக்கலாகாது.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

வாரம் ஒரு நாள், காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு எவ்வளவு, பாரத்துக்கு எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டிய சீட்டிலும் கையேட்டிலும் இருக்கும். எண்ணெய் டின் ஒழுகி டயரில் பட்டால் உடனே சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். எண்ணெய் வழுக்கவும் செய்யும், ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கவும் செய்யும். டயர் மாற்றும்போது டியூபையும் மாற்றுங்கள். பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசைக்கு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். புது டயரின் மேல்பூச்சு வழுக்கும். முதல் 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுகிற பையன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். டயரைத் தினமும் பார்ப்பவன் அவன்தான். வேலையின்போது நேரும் விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்பது 1923ஆம் ஆண்டிலேயே சட்டமாகிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பொறுப்பு நம்முடையதே.

இப்போது நம் கடைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் வண்டிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. டயர் மாற்றிய தேதி, காற்றுப் பார்த்த தேதி, செயின் இறுக்கிய தேதி எல்லாம் எழுதப்படுகின்றன. எழுதுவது அன்று விழுந்த அதே தம்பிதான். டயர் மாற்ற வேண்டும் என்று அவன் எழுதிவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் பணம் கொடுத்துவிடுவது நம் வழக்கம். பண்டிகை முடியட்டும் என்ற பேச்சு இப்போது நம் கடையில் இல்லை.