பாயைச் சுருட்டினால் போதுமா?

இன்கிரிமென்ட் வராத மாசமெல்லாம் நம்மாளுக்கு ஒரு யோசனை வரும்: 'பேசாம கனடாவுக்குப் போயிட்டா என்ன?'

போகலாம் சார். அதற்கு முன் காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கும் ஓரிக்கையை ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ ராஜா ஊரை விட்டே துரத்தினான். குருவான திருமழிசையாழ்வாரும் கிளம்ப, அவர் கூப்பிட்டாரென்று பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாராம். ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை', அதுவே ஓரிக்கை. பதறிப்போன ராஜா ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான்; எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

நமக்கு எந்த ராஜா ஓடி வரப்போகிறான்?

அம்பலவாணர் சிவானந்தனுக்கு வரவில்லை. கொழும்புத் தமிழர், எகனாமிக்ஸ் பட்டதாரி, பேங்க் ஆஃப் சிலோனில் மேனேஜர். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு லண்டன் போனார். அங்கேயும் நாட்டிங் ஹில்லில் கறுப்பின மக்கள் மீது தாக்குதல்! பேங்க் அனுபவம் இருந்தும் பேங்க் வேலை கிடைக்கவில்லை. கிடைத்தது, ஒரு நூலகத்தில் டீ கொடுக்கும் வேலை.

நம்மாளாக இருந்தால், 'நான் யார் தெரியுமா?' என்று கேட்டு அதையும் தொலைத்திருப்பான். சிவானந்தன் அங்கிருந்தபடியே நூலகர் படிப்பை முடித்தார். 1964-ல் லண்டன் இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தில் நூலகர். 1973-ல் அதற்கே இயக்குநர். முதல் நாவல் வெளிவந்தது 1997-ல், எழுபதைத் தாண்டிய வயசில்! பேங்க் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

இன்றைக்கும் டிகிரி விமானம் ஏறிவிடும், லைசென்ஸ்தான் ஏறாது. கனடா விசாவுக்காக 'உங்கள் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம்' என்று ஒரு சர்டிபிகேட் வாங்குகிறோமே, அதை வைத்து டாக்டரோ வக்கீலோ ஆக முடியாது. அதற்கு அந்தந்த மாகாண அமைப்பு தனியாக அனுமதி தரவேண்டும். பரீட்சை, பயிற்சி, பீஸ் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அடுத்த முட்டுக்கட்டை, 'கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?' என்ற கேள்வி. வேலை கொடுத்தால்தானே அனுபவம்? ஒன்டாரியோவில் என்ஜினீயர் லைசென்ஸுக்கு இந்த நிபந்தனையை 2023-ல்தான் எடுத்தார்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனிகள் விளம்பரத்தில் இப்படிக் கேட்கக்கூடாது என்ற சட்டம் 2026 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. இன்டர்வியூ எடுப்பவர் மனசுக்குள் கேட்டுக்கொள்வதை எந்தச் சட்டம் தடுக்கும்?

அதனால் என் கட்சி இதுதான்: பழைய நாற்காலி கிடைக்காவிட்டால் அதே ஆபீஸின் பக்கத்து அறையைப் பிடியுங்கள். அக்கவுன்டன்ட் சம்பளப் பட்டியல் போடலாம், என்ஜினீயர் டிராயிங் போடலாம். காதில் தொழில் பாஷை விழுந்துகொண்டே இருக்கும். ராத்திரி பரீட்சைக்குப் படிக்கலாம். வாடகைக்காக கிடங்கில் பெட்டி தூக்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் ஓவர்டைம் பணம் ருசித்துவிட்டால் புஸ்தகத்தைத் திறக்கக் கை வராது.

இன்னொன்று. பெட்டி தூக்குவதை ஊரில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். 'மேனேஜர்' என்று அளந்துவிட்டால், அடுத்த மாசமே தங்கை கல்யாணத்துக்கு மேனேஜர் சம்பளத்துக்குத் தக்கபடி பணம் கேட்டு போன் வரும். பரீட்சை பீஸுக்கு வைத்திருந்த டாலர் அதில்தான் போகும்.