ஏழடி உயரத்துக்கு என்ன விலை?

ஒப்பந்தம் முடிந்த நெடிய ஆட்டக்காரருக்குப் பெருந்தொகை கொடுக்கலாமா? 1996-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரம் இந்தக் கேள்வியில் தடுமாறியது. 7 அடி 1 அங்குல ஷகீல் ஓ'நீல், முந்தைய ஆண்டுதான் அவ்வூர்க் கூடைப்பந்து அணியை இறுதியாட்டம் வரை கொண்டு சென்றவர். அவருக்கு 7 ஆண்டுகளுக்கு 11.5 கோடி டாலர் தகுமா என்று உள்ளூர் நாளிதழ் வாசகர்களைக் கேட்டது. பதில் சொன்னவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், 'தகாது' என்றனர்.

லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியோ சுமார் 12 கோடி டாலருக்கு அவரை அழைத்துக்கொண்டது. தடுப்பாரில்லாத தனி எறிதல்களில் ஏறக்குறைய பாதியைத் தவறவிடுபவர்தான். ஆனால் கூடைக்கடியில் அவரை மறிக்க இருவர் வேண்டும். அப்போது அவரது சகா ஒருவர் காவலின்றி நிற்பார். 2000, 2001, 2002 பட்டங்கள் லேக்கர்ஸுக்கே. ஆர்லாண்டோ மறுபடி இறுதியாட்டம் காண 2009 ஆயிற்று.

சம்பளத்தைக் கணக்கிடும்போது, ஆள் போனால் விழும் பள்ளத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது, இல்லையா?