முக்கொம்பு மேலணை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் முக்கொம்பு என்னும் இடம் உள்ளது. அகன்று வரும் காவிரி அங்கே இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பெயருடனேயே செல்கின்றது. வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தீவிலேதான் திருவரங்கம் அமைந்துள்ளது.

பள்ளம் நாடிப் பாய்வது நீரின் இயல்பு. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆதலின் வெள்ளம் அப்பக்கமே மிகுதியாகச் சென்றது. காவிரியில் ஓட்டம் தளர்ந்தது. தளர்ந்த நீர், தான் சுமந்துவந்த மணலைப் படியவிட்டது. படுகை மேடிட மேடிட, வரும் நீரும் குறைந்தது. காவிரியையே நம்பியிருந்த தஞ்சை வயல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரின்றி வாடின. மணலை வாரிப் பார்த்தும் துன்பம் தீரவில்லை.

இதனை நீக்க முற்பட்டவர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர். கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே அணையிட்டால் காவிரிக்கு நீர் திரும்பும் என்று அவர் கண்டார். ஆயினும், ஆழங்காணா மணலில் கற்சுவர் நிலைக்குமோ? அதற்கு விடை அத்தீவின் கீழ்க்கோடியிலேயே இருந்தது. கரிகாற்சோழன் கட்டியதாகப் போற்றப்பெறும் கல்லணை, மணலின்மீதே பன்னூறாண்டுகள் நிலைத்து நின்றது. நம் முன்னோரின் அக்கலையைக் காட்டன் பயின்றார்; 1836-ஆம் ஆண்டில் மேலணையை எழுப்பினார். பின்னர்க் கோதாவரியில் 1852-இல் முடிவுற்ற தவளேசுவரம் அணைக்கும் இவ்வறிவே துணைசெய்தது.

மேலணையால் காவிரி மீண்டும் பெருகியது. ஆனால் நீர் அளவிற்கு மிஞ்சவே, படுகை அரிக்கப்பட்டது. எனவே அணை முகட்டின் ஒரு பகுதியைத் தாழ்த்தினர். பிற்காலத்தில் காவிரித் தலைப்பிலும் மதகுகள் அமைத்தனர். குறையினும் கேடு, மிகினும் கேடு என்பதை ஆறு கற்பித்தது.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, பெருவெள்ளத்தின்போது கொள்ளிடப் பக்கத்து மதகுகளுள் 9 இடிந்து வீழ்ந்தன. மணல்மூட்டைகளும் பாறைகளும் இட்டு உடைப்பைத் தற்காலிகமாக அடைத்தனர். பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பெற்றது.

அணையைக் கட்டுதல் ஒரு தலைமுறையின் பணி; அதனைக் காத்தல் எல்லாத் தலைமுறைகளின் கடமை. முக்கொம்பில் ஒரு மதகு பழுதுற்றால், தொலைவிலுள்ள உழவனின் வயலும் வாடும் அன்றோ?